அழகுக்குக் கட்டிய கம்பிகள்

டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தின் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள, ரேடியோவால் இயக்கிப் பறக்கவிடும் மாதிரி ஒன்றைக் கட்டி முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடையே ஓடும் எஃகுக் கம்பிகளுக்காக நான் ஒதுக்கியது ஒரே ஒரு மாலைப்பொழுது. அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பது மூன்றாவது முறை பறக்கவிட்டு இறக்கும்போது, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இடது இறக்கை சட்டென்று சரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கீழ் இறக்கையின் நுனி புல்லில் குத்த, விமானம் அதை அச்சாகக் கொண்டு அரைவட்டம் சுழன்று மூக்கு குப்புற நின்றது. புரொப்பல்லர் பிளந்துபோயிற்று, நுனியின் வளைவுக்காக ஏழு அடுக்கு மெல்லிய மரப்பட்டைகளைப் பசை தடவி வளைத்து நான் செய்திருந்த சட்டம் விறகுக் குச்சியைப் போல முறிந்து கிடந்தது.

சிறிய மாதிரிகளை விட்டுப் பெரிய மாதிரிகளுக்கு நான் வந்ததே அவை பறக்கும் விதத்துக்காகத்தான். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கட்டிய பைப்ளேன், அதாவது இரட்டை இறக்கை விமானம், தரையில் நிற்கும்போது எவ்வளவு அசலாக இருந்தாலும், காற்றில் ஏறியதும் ஈயைப் போல அங்கும் இங்கும் துள்ளும். அளவை நான்கில் ஒன்றாகவும் எடையை அதற்கேற்ப அறுபத்து நான்கில் ஒன்றாகவும் குறைத்தால், மாதிரி பறக்கும் வேகம் அசலின் வேகத்தில் சரிபாதியாக இருக்கும். அதே கணக்கை அளவு பன்னிரண்டில் ஒன்றாக இருக்கும் மாதிரிக்குப் போட்டுப் பார்த்தால், அது தன் நீளத்தைக் கடக்க எடுக்கும் நேரம் அசலுக்கு ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்குப் பொம்மையாகத் தெரிவதற்கு இந்த அவசரமே காரணம். பெரிய மாதிரியோ திரும்பும்போது நிதானமாகச் சாய்கிறது, காற்று லேசாகத் தள்ளினால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறது.

டைகர் மாத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதன் எளிமை மட்டும் காரணமல்ல. 1931 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த இந்தப் பயிற்சி விமானத்தின் மேல் இறக்கை ஒரு சுவையான வரலாற்றைத் தன் வடிவத்திலேயே வைத்திருக்கிறது. ஆபத்து நேரத்தில் முன்னிருக்கையில் இருப்பவர் பாரசூட்டோடு வெளியே தாவ வழிவேண்டும் என்பதற்காக மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதால் குலைந்த சமநிலையை மீட்க நுனிகள் பின்னால் போகும்படி இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். அந்தப் பின்சாய்வு இல்லாமல் கட்டிய டைகர் மாத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே ஏதோ ஒன்று உறுத்தும். அசலின் இறக்கை நுனிக்கு நுனி 8.94 மீட்டர், என்னுடையது 2.23 மீட்டர். அசல் முழுச் சுமையோடு ஏறக்குறைய 828 கிலோ இருக்கும். கணக்குப்படி என் மாதிரி பதின்மூன்று கிலோ வரை இருக்கலாம். எரிபொருள் நிரப்பிய பிறகும் அது பத்தரைக் கிலோவுக்குள் நின்றதில் எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

இனிக் கம்பிக்கு வருகிறேன். பைப்ளேனின் இரண்டு இறக்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பலகைகளாக நினைப்பதே முதல் தவறு. அது உண்மையில் ஒரு பாலம். 1896-இல் ஆக்டேவ் சனூட் தம் கிளைடரைக் கட்டியபோது, ரயில்பாதைப் பொறியாளராகத் தாம் நன்கறிந்திருந்த பிராட் வகைப் பாலச் சட்டகத்தைத்தான் இறக்கைகளுக்கிடையே கொண்டுவந்தார். ரைட் சகோதரர்களின் 1903-ஆம் ஆண்டு விமானமும் அந்த வழியில் வந்ததே. நிமிர்ந்து நிற்கும் மரத்தூண்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றன, குறுக்காக ஓடும் கம்பிகள் இழுவிசையைத் தாங்குகின்றன. உடலின் அடியிலிருந்து மேல் இறக்கையின் வெளிப்புறத்துக்கு ஏறும் கம்பிகள் பறக்கும்போது இறக்கை மேலே மடங்கிவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. மேல் இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்புறத்துக்கு இறங்கும் கம்பிகள் தரையில் நிற்கும்போது இறக்கை தொங்கிவிடாமல் காக்கின்றன. முன்னவற்றைப் பறப்புக் கம்பிகள் என்றும் பின்னவற்றைத் தரைக் கம்பிகள் என்றும் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இவை போக, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே பெருக்கல் குறிபோல ஓடும் குறுக்குக் கம்பிகள் இறக்கையின் முறுக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

இவை அனைத்தையும் வரைபடத்தில் பார்த்திருந்தும் நான் வேறு வழியில் போனேன். இறக்கைகளின் வேரில் தடித்த கார்பன் குழாய்களைப் பொருத்தி, அந்தக் குழாய்களே முழுச் சுமையையும் தாங்கும்படி ஸ்பார்களை, அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டங்களை, கட்டினேன். ஆக, கம்பிகள் புகைப்படத்துக்கு மட்டுமே என்று ஆயிற்று. அழகுக்குத்தானே என்ற அலட்சியத்தில், தொய்வாகத் தெரிந்த கம்பியை இறுக்கினேன், அதை இறுக்கியதும் அடுத்தது தொய்ந்தது, அதையும் இறுக்கினேன். இறுதியில் எல்லாக் கம்பிகளும் விறைப்பாக, பார்க்க லட்சணமாக நின்றன.

முதல் இரண்டு பறத்தல்களிலேயே விமானம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தது, எனக்குத்தான் புரியவில்லை. சாதாரண வேகத்தில் அது வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது; விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான எய்லரானை இடப்பக்கம் சற்று நகர்த்தி வைத்தால்தான் நேராகப் போயிற்று. வலது இறக்கை கனமாக இருக்கிறது என்று முடிவுகட்டி, இடது நுனியில் இருபது கிராம் ஈயத்தை ஒட்டினேன். எஞ்சினின் திசைக்கோணத்தையும் மாற்றிப் பார்த்தேன். ஆனால் இறக்கும்போது விழுந்தது வலது இறக்கை அல்ல, இடது இறக்கை. வேகமாகப் பறக்கும்போது இடது இறக்கை தேவைக்கு மேல் தூக்குகிறது, வேகம் குறைந்ததும் அதே இறக்கைதான் முதலில் கைவிடுகிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முறிந்த நுனியைச் சரிசெய்து, விமானத்தை மறுபடி மேசையில் பூட்டி, ஒவ்வொரு தூணின் அருகிலும் கோணமானியை வைத்துப் பார்த்த இரவில்தான் முடிச்சு அவிழ்ந்தது. கம்பிகளைக் கழற்றிவிட்டு அளந்தபோது நான்கு இறக்கைத் துண்டுகளும் கால் டிகிரிக்குள் ஒன்றுபோல இருந்தன. கம்பிகளைப் பூட்டி அளந்தேன்: இடப்பக்க வெளித்தூண்களின் அருகே இறக்கையின் கோணம் ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. இடது பின்புறப் பறப்புக் கம்பியை நான் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன். அது மேல் இறக்கையின் பின்பகுதியைக் கீழே இழுக்க, தூண் வழியாகக் கீழ் இறக்கையும் அதே திசையில் முறுக்கிக்கொண்டது. கோணம் கூடிய இறக்கை வேகத்தில் அதிகம் தூக்கும், மெதுவாகப் போகும்போது மற்றதற்கு முன்பே ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் சக்தியை இழந்துவிடும். இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றே. கார்பன் குழாய்கள் இறக்கை வளையாமல் பார்த்துக்கொண்டன. முறுகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவற்றினுடையது அல்ல. பால்சா என்ற லேசான மரத்தில் செய்த ரிப்புகளின்மேல், அதாவது இறக்கையின் விலா எலும்புகளின்மேல், துணி போர்த்திய இறக்கை மேலும் கீழும் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும், முறுக்கத்துக்கு ஈரத் துண்டைப் போல இணங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பியால் அதைச் செய்ய முடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அசல் விமானத்தில் இதற்கென்றே மேல் இறக்கையின் முன்விளிம்பில், வெளிப்புறமாக, தானே திறந்துகொள்ளும் ஸ்லாட் பலகைகள் உண்டு. வேகம் குறையும்போது அவை முன்னால் நகர்ந்து இறக்கை ஸ்டால் ஆவதைத் தள்ளிப்போடும். என் மாதிரியில் அவை வெறும் மரத்துண்டுகள், பசை போட்டு ஒட்டியவை.

கம்பிகளை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்கினேன், இம்முறை அவற்றுக்கு உண்மையான வேலை கொடுப்பது என்ற முடிவோடு. பின்னிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அதன் முனையில் மடித்து நசுக்கிய பித்தளைக் குழல், கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் இருமுனையிலும் எதிரெதிர் மரை வெட்டிய டர்ன்பக்கிள் என்று ஒவ்வொன்றையும் மேசையில் எடை கட்டித் தொங்கவிட்டுச் சோதித்த பிறகே பொருத்தினேன். அசல் விமானங்களைக் கம்பி பூட்டுபவர்கள் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவார்கள். அந்த ஒழுங்கை நான் மீறியதுதான் எல்லாக் கோளாறுக்கும் தொடக்கம். முதலில் உடலை மட்டப்படுத்த வேண்டும். பிறகு மேல் இறக்கையின் நடுப்பகுதி உடலுக்கு மேலே சதுரமாக நிற்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து உறுதிசெய்ய வேண்டும். இங்கே இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் நுனியில் அது பல மடங்காகும். அடுத்து தரைக் கம்பிகளால் இறக்கைகள் மேல்நோக்கி எழும் கோணத்தை அமைக்க வேண்டும். அதன் பிறகு தூண்களுக்கிடையிலான குறுக்குக் கம்பிகளால் முறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். பறப்புக் கம்பிகள் கடைசியில்தான் வரும், அவையும் தொய்வு நீங்கும் அளவுக்கு மட்டும். ஒவ்வொரு டர்ன்பக்கிளையும் அரைச்சுற்றுத் திருப்பிவிட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போய் அளப்பேன். வால் முனையிலிருந்து இரண்டு நுனிகளுக்கும் நூல் பிடித்துப் பார்ப்பேன். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல இடம் வலம் இரண்டையும் விரலால் சுண்டிக் கேட்பதும் உண்டு. சம நீளமுள்ள இரு கம்பிகள் ஒரே குரலில் ஒலித்தால் இழுவிசையும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு மாலையில் முடித்த வேலை இம்முறை ஒன்பது நாள் பிடித்தது.

இப்படிப் பூட்டியதைக் களத்துக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் குலைக்க முடியாது அல்லவா? ஆகவே ஒரு பக்கத்து மேல் இறக்கை, கீழ் இறக்கை, தூண்கள், குறுக்குக் கம்பிகள் ஆகியவற்றை ஒரே கூடாக வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டை அப்படியே உடலிலிருந்து உருவிவிடுகிறேன். உடலில் மாட்டும் நான்கு கம்பிகளைக் கொக்கியில் கழற்றினால் போதும், டர்ன்பக்கிளைத் தொட வேண்டியதே இல்லை. இடம் அடைத்துக்கொள்ளும் என்பது தவிர இதில் குறையொன்றும் காணவில்லை.

எடை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர்க்கால விமானங்களைக் கட்டுபவர்களின் பெரிய துயரம் குட்டை மூக்கு. சோப்வித் கேமல் போன்றவற்றில் சிலிண்டர்களோடு சேர்ந்து சுழலும் கனமான ரோட்டரி எஞ்சின் மூக்கிலேயே இருந்தது. மாதிரியில் நாம் வைக்கும் எஞ்சின் அந்த விகிதத்துக்குக் கனமில்லை. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் என்ற கணக்கில் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். டைகர் மாத்தின் மூக்கு நீளமானது. தலைகீழாகத் தொங்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினின் இடத்தில் நான் பொருத்திய 40 சிசி பெட்ரோல் எஞ்சினும், அதன் கீழே வைத்த இரண்டு பேட்டரிகளும் சமநிலைக்குப் போதுமாயின. பேட்டரி இரண்டு என்பது ஆடம்பரமல்ல. ஒன்று செத்தால் மற்றது ரிசீவரையும், சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களையும் தாங்கும். சிக்னல் அறுந்தால் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தானாக அடங்கும்படியும் அமைத்திருக்கிறேன், ஒவ்வொரு பறத்தலுக்கு முன்னும் தூரச் சோதனையும் செய்கிறேன். பத்துக் கிலோ மரமும் இரும்பும் தலைக்கு மேலே போகிறது என்பதை மறக்கக் கூடாது.

கம்பி சரியான பிறகு பறக்கவிட்ட முதல் காலையில் காற்று அடங்கியிருந்தது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரை மேலே இழுத்துப் பிடித்தபடி த்ராட்டிலை மெல்லத் திறந்தேன். எஞ்சினின் முறுக்குவிசை மூக்கை ஒரு பக்கம் இழுக்க, வாலின் நிமிர்ந்த சுக்கானான ரட்டரால் அதைத் தடுத்தேன். வால் எழுந்தது, இன்னும் சில மீட்டர் ஓடியதும் சக்கரங்கள் புல்லை விட்டன. டைகர் மாத்தில் கீழ் இறக்கையில் மட்டுமே எய்லரான். அதில் மேலே எழுவது நிறைய எழும், கீழே இறங்குவது பெயருக்குத்தான் இறங்கும். மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பாமல் இருக்கச் செய்த அந்த ஏற்பாடு இருந்தும், எய்லரானால் மட்டும் திருப்பினால் மூக்கு எதிர்த்திசையில் முறைத்துக்கொண்டு நிற்கும். ரட்டரையும் கூடவே கொடுக்கப் பழகாத விரல்களுக்கு இந்த விமானம் பிடிக்காது. எய்லரானை நிரந்தரமாக ஒரு பக்கம் நகர்த்தி வைக்கும் டிரிம் நடுவிலேயே இருக்க, கையை எடுத்தால் நேராகப் போயிற்று. உயரத்தில் த்ராட்டிலை அடக்கி, எலிவேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இறக்கை எப்போது விழும் என்று காத்திருந்தேன். மூக்கு மட்டும் தாழ்ந்தது. இடமோ வலமோ சாயவில்லை.

இறக்கும்போது எஞ்சினை முன்கூட்டியே அடக்கிவிடுவது இவ்வகை விமானத்துக்கு ஆகாது. இத்தனை தூண்களும் கம்பிகளும் காற்றை எதிர்ப்பதால், த்ராட்டிலை மூடியதுமே சங்கிலியால் பிடித்து இழுத்ததுபோல வேகம் வடிந்துவிடும். சக்கரம் தரையைத் தொடும்வரை சிறிதளவு எஞ்சினை ஓடவிட்டே கொண்டுவந்தேன். அது என் எதிரே, இடுப்புயரத்தில், நடக்கிற வேகம் என்று சொல்லத் தோன்றுமளவு மெதுவாகக் கடந்துபோயிற்று. எஞ்சினின் மெல்லிய துடிப்புக்கு அடியில் கம்பிகளின் சீற்றம் கேட்டது.

இடது பின்புறப் பறப்புக் கம்பியின் டர்ன்பக்கிளில் மட்டும் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் அது அசல் விமானத்திலும் உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை, அது எனக்காகக் கட்டியது என்கிறேன்.