அம்மாவுக்கு லிவர் எம்ஆர்ஐ எடுத்தோம், டிஃப்யூஷனோடு

பெருங்குடல் கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த சிடி ஸ்கேனில் அம்மாவின் கல்லீரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. குடலில் இருந்து வரும் ரத்தம் போர்ட்டல் வெயின் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது என்பதால் பயம் வராமல் இருக்குமா? எல்லாமே ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்ததால் நீர்க்கட்டியா, கேன்சர் பரவியதா என்று சிடியில் சொல்ல முடியவில்லை. "கீமோவுக்கு முன்னாடியே எம்ஆர்ஐ எடுத்துடுங்க, டிஃப்யூஷன் கண்டிப்பா இருக்கணும்" என்று சொன்ன டாக்டர் சீட்டில் அதை அடிக்கோடிட்டே கொடுத்தார். டிஃப்யூஷன் என்பது எம்ஆர்ஐயிலேயே எடுக்கும் ஒரு வகைப் படம்.

பாலக்கோட்டில் இருந்து போன் போட்டு விசாரித்தால், முதல் சென்டரில் "டிஃப்யூஷனா, அது தலைக்குத்தானே எடுப்போம்" என்றார்கள். பக்கவாதத்துக்குத்தான் அதை அதிகம் எடுப்பதால் அப்படி ஒரு பதில். கல்லீரலுக்கும் எடுப்பார்களா, ஏடிசி மேப் (டிஃப்யூஷன் படங்களில் இருந்து கணக்கிட்டு வரும் படம்) தருவார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் தர்மபுரியில் வேறு சென்டருக்குப் போனோம். படம் தெளிவாகத் தெரியப் போடும் காண்ட்ராஸ்ட் ஊசிக்காக கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட், பழைய சிடி, வெறும் வயிறு, இதெல்லாம் வழக்கம்தான். தாலியைக் கழற்றச் சொன்னதும் அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டார்! நர்ஸம்மாதான் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றைக் கட்டிவிட்டுச் சமாதானம் செய்தார், தெரிந்திருந்தால் வீட்டிலேயே கட்டிக் கூட்டிப்போயிருக்கலாம்.

உள்ளே சில படங்களுக்கு மூச்சை அடக்கச் சொன்னார்கள். டிஃப்யூஷனுக்கு மட்டும் வயிற்றில் பெல்ட் கட்டி, மூச்சை ஒரே சீராக விட்டால் போதும் என்றார்கள். "ரைஸ் மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருந்துச்சுடா" என்றார் அம்மா.

ஸ்கேன் டாக்டர் பொறுமையானவர், என்னைத் திரை முன்னால் உட்காரவைத்தே விளக்கினார். திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைத்தான் இது பார்க்கிறதாம். கேன்சர் செல்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால் அங்கே தண்ணீர் அவ்வளவாக நகராது, அதனால் பி வேல்யூ (தண்ணீர் நகர்வைப் படம் எவ்வளவு கூர்மையாகக் காட்ட வேண்டும் என்று வைக்கும் அளவு) 800 படத்தில் பளிச்சென்றும் ஏடிசி மேப்பில் கறுப்பாகவும் தெரியும். நீர்க்கட்டி பி வேல்யூ கூடக்கூட மங்கிவிடும். ஹெமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்க் கட்டி, 800லும் வெளிச்சமாக இருந்து ஏமாற்றும், ஆனால் ஏடிசியிலும் வெளுப்பாகவே இருந்து மாட்டிக்கொள்ளும். சீழ்க்கட்டிகூட கேன்சர் போலவே தெரியலாம், இதயம் துடிப்பதால் இடப்பக்கக் கல்லீரலில் படம் கலங்கும், அதனால் காண்ட்ராஸ்ட் படங்களோடு சேர்த்துத்தான் முடிவு சொல்வார்களாம்.

அம்மாவுக்கு ஒன்று நீர்க்கட்டி, ஒன்று ஹெமாஞ்சியோமா, மூன்றாவது கேன்சர் பரவல். ரத்தக்குழாயை ஒட்டி, சிடியில் தெரியாத இன்னொன்றும் இருந்தது. குறைந்த பி வேல்யூ படத்தில் ரத்தக்குழாய்கள் கறுத்துவிடுவதால் அது தனியாகத் தெரிந்தது.

கீமோவில் சின்னக் கட்டிகள் படத்தில் மறைந்துபோகலாம், ஆனால் மறைந்த இடத்திலும் கேன்சர் செல் மிச்சம் இருக்கலாம், அப்போது எங்கே வெட்டுவது என்று இந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும் என்றார் சர்ஜன். எம்ஆர்ஐ படங்கள் உள்ள டிஸ்க்கின் ஒரு காப்பி அவரிடமே இருக்கிறது, இன்னொன்றை பீரோவில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கீமோ ஆரம்பம்.