இரண்டு கிராம் கரித்தூள், நான்கு மாத அலைச்சல்

போன வாரம்தான் பி.இ.டி. (பொடியின் ஒரு கிராமுக்கு எவ்வளவு பரப்பளவு என்று அளக்கும் சோதனை) அறிக்கை வந்தது. மெயிலைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரித்தூளைத் தயாரிக்க எனக்கு ஆனது பதினொரு நாள். அதன் பரப்பளவை அளந்து வாங்க நான்கு மாதம். ஊரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஆராய்ச்சிக்கு வருகிற தம்பி தங்கைகள் இப்படி அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மூலப்பொருள் கரும்புச் சக்கை. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் பழக்கமான ஒரு அண்ணன் ஆலையிலிருந்து இரண்டு சாக்கு வாங்கிக் கொடுத்தார். அவருடைய முன்னோர் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலியாகக் கரும்பு வெட்டியவர்கள். சக்கையை 450 டிகிரியில் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 800 டிகிரிக்கு ஏற்றினேன். பாதியைத் தண்ணீரிலிருந்து சாயம் பிரிக்க வைத்துக்கொண்டேன். மறுபாதியில் இரும்பு உப்பும் மெலமைனும் சேர்த்து மறுபடி சூடாக்கியது, எரிபொருள் கலத்தில் பிளாட்டினத்துக்கு மாற்றாக வருமா என்று பார்க்க. உலகத்துப் பிளாட்டினத்தில் பெரும்பங்கு கிடைக்கிற நாட்டில் இருந்துகொண்டு எதற்கு இரும்பு என்று பலர் கேட்டுவிட்டார்கள். விலைதான் காரணம்.

இந்தக் கட்டத்தில் இரண்டே எச்சரிக்கை. உலைக்குள் பொடியை வைக்கிற தட்டுக்குப் படகு என்று பெயர். அலுமினா படகை வைக்காதீர்கள், காரம் அதை அரித்துவிடும். நிக்கல் படகு வாங்குங்கள். அப்புறம், உலை ஆறிய பிறகும் பொடியின் மேல் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டில் கொஞ்சம் பொட்டாசியம் உலோகமே உண்டாகியிருக்கும், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும்.

பரப்பளவை அளக்கும் எங்கள் துறைக் கருவியின் பம்ப் பழுது. உதிரிபாகம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஆய்வகம் ஒன்றுக்கு இரண்டு கிராம் அனுப்பலாம் என்று கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, “இது என்ன?” என்றார். “ஆக்டிவேட்டட் கார்பன்” என்றேன். அவர் கணினியில் தட்டினார். திரையில் யு.என். 1362 (அபாயப் பொருள்களுக்கு ஐ.நா. வைத்திருக்கும் எண்), வகுப்பு 4.2, தானாகச் சூடேறும் பொருள் என்று வந்தது. குப்பியை என் பக்கமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றவன் நான்.

சரி, பொருளின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தாள் வேண்டுமாம். கடையில் வாங்கிய பொருளென்றால் அது கூடவே வரும். நானே செய்ததற்கு யார் தருவார்கள்? நானே உட்கார்ந்து பதினாறு பகுதிகளையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுவாரம் போனேன். அன்றைக்கு வேறொருவர் இருந்தார். நேராக 14ஆம் பகுதிக்குப் போனார். போக்குவரத்து விவரம் எழுதவேண்டிய இடம் அது. நான் ‘பொருந்தாது’ என்று எழுதி வைத்திருந்தேன். அப்படியானால் சூடேறாது என்பதற்குச் சோதனைச் சான்று கொண்டுவா என்றார். அந்தச் சோதனையை விசாரித்தபோது மனசே விட்டுப்போயிற்று. பத்து சென்டிமீட்டர் கனசதுரக் கூடை நிறையப் பொடியைப் போட்டு, 140 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துப் பார்க்கவேண்டும். அதாவது ஒரு லிட்டர் பொடி. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு தேக்கரண்டி.

வழி காட்டியவர் எங்கள் பல்கலைக்கழகத்தின் ரசாயனக் கிடங்குப் பொறுப்பாளர். அபாயப் பொருள்களைச் சிறு அளவில் அனுப்பத் தனி விலக்கு இருக்கிறது. இந்தப் பொருளுக்கு உள் குப்பி ஒன்றில் 30 கிராம் வரை போகலாம். அதனால் ‘பொருந்தாது’ என்று எழுதாதீர்கள். யு.என். எண்ணையும் வகுப்பையும் ஒளிக்காமல் எழுதி, சிறு அளவு விலக்கில் அனுப்புகிறேன் என்று குறிப்பிடுங்கள். குப்பியைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, அதற்கு மேல் கெட்டியான பெட்டி, வெளியே சாய்கோட்டு விளிம்பும் ஆங்கில ‘E’ எழுத்தும் உள்ள சீட்டு. மூன்றாம் முறை போனபோது ஐந்து நிமிடத்தில் ரசீது கொடுத்துவிட்டார்கள். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இதற்கிடையில், இரும்பு சேர்த்த பாதிக்கு டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) வேறு. முன்பதிவுப் படிவத்தில் ‘காந்தத்தன்மை உண்டா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான் சேர்த்தது இரும்பு உப்புதானே என்று ‘இல்லை’ போட்டுவிட்டேன். குறித்த நாளில் கருவியை இயக்குபவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் குப்பியின் பக்கத்தில் வைத்தார். பொடி அப்படியே கண்ணாடிச் சுவரில் ஏறி, மயிர்க்கூச்செறிந்த மாதிரி சிலிர்த்து நின்றது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. உலைச் சூட்டில் கரியே அந்த உப்பை இரும்பாகவும் இரும்புக் கார்பைடாகவும் மாற்றிவிட்டிருக்கிறது. அந்தத் துகள் கழன்று போய்க் காந்த லென்ஸில் ஒட்டிக்கொண்டால் கருவிக்கே கேடு. அவர் அனுமதிக்காதது முழுக்க நியாயம். திரும்பி வந்து, நீர்த்த கந்தக அமிலத்தில் 80 டிகிரியில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, கழுவி, காந்தத்தை நானே வைத்துப் பார்த்துவிட்டு, பொடி அசையவில்லை என்றான பிறகுதான் மறுபடி நாள் வாங்கினேன். காந்தம் வாங்க ஐம்பது ராண்ட் கூட ஆகாது. முதலில் அதை வாங்கிவிடுங்கள்.

நான் தங்கியிருப்பது சாட்ஸ்வொர்த்தில். வீட்டுக்கார ஆன்ட்டியின் தங்கை வீடு டோங்காட்டில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஊர்க் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். ஆன்ட்டி ஒருநாள், “இந்தப் பொடியப் போட்டா அந்தத் தண்ணியக் குடிக்கலாமா, தம்பி?” என்று கேட்டார். குடிக்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். கரி சாயத்தையும் வாடையையும் பூச்சிமருந்தையும் பிடிக்கும். கிருமிக்குக் குளோரினோ கொதிக்க வைப்பதோதான். முகம் வாடிப்போயிற்று. எனக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இவ்வளவும் முடிந்து வந்த முதல் பி.இ.டி. எண், கிராமுக்கு 412 சதுர மீட்டர். இப்படிக் காரம் போட்டுச் செய்த கரிக்கு ஆயிரத்துக்கு மேல் வரவேண்டும். இரண்டு இரவு தூக்கமில்லை, கழுவியது போதவில்லையோ என்று. மூன்றாம் நாள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: வாயு நீக்கம் 90 டிகிரி, 2 மணி நேரம். அளப்பதற்கு முன் பொடியைச் சூடாக்கி உள்ளே இருப்பதை விரட்டுவது அது. நுண்துளைகளில் ஏறிய ஈரத்தை அந்தச் சூடு எங்கே வெளியேற்றப் போகிறது? படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்ததால் அவர்கள் வழக்கமாக வைக்கிற அளவையே வைத்துவிட்டார்கள். நல்லவேளை, ஒரு கிராம் மீதி அங்கேயே இருந்தது. மறுபடி கூரியர் வாசலில் நிற்கவேண்டியிருக்கவில்லை. வெற்றிடத்தில் 250 டிகிரி, இரவு முழுக்க என்று எழுதி அனுப்பினேன்.

புது எண் 1,870. அறிக்கையோடு மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கியிருந்தேன்; நீங்களும் கட்டாயம் கேளுங்கள். பொடி பிடித்த வாயுவின் அளவை அழுத்தத்தோடு வைத்து ஒரு நேர்கோடு போட்டுத்தான் பரப்பளவைக் கணக்கிடுவார்கள். வழக்கமான அழுத்த வரம்பில் கோடு போட்டால் இந்த மாதிரி நுண்துளைக் கரிக்கு அந்தக் கோட்டிலிருந்து கிடைக்கும் ‘சி’ மாறிலி எதிர்மறையாக வரலாம், அப்படி வந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. வரம்பைக் கீழே இறக்கி நானே போட்டுப் பார்த்தேன். மாறிலி நேர்மறையாக வந்தது, எண்ணும் பெரிதாக மாறவில்லை. திங்கட்கிழமை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தோடு சோதனையைத் தொடங்குகிறேன்.