பிராந்தியப் பாதுகாப்பு ஆய்வில் என் முதல் கட்டுரை வெளிவந்த கதை

ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து, பிராந்திய அரசியல், பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேலையில் உட்காருவதற்குள் எனக்கு ஏழு வருடம் ஆகிவிட்டது. இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கேள்வியை எப்படிப் பிடித்தீர்கள், நேர்காணல் எப்படி எடுத்தீர்கள், ஜர்னலில் எப்படி வந்தது என்றுதான். அதை மட்டும் சொல்கிறேன்.

நான் முதலில் கொண்டுபோன தலைப்பு 'சார்க் ஏன் தோற்றது?'. சார்க் என்பது தெற்காசிய நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பு. நெறியாளர் சினாப்சிஸை, அதாவது ஆய்வுத் திட்டத்தின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, "இதற்குப் பாதிப் பதில் சாசனத்தின் பத்தாவது பிரிவிலேயே இருக்கிறதே, புதிதாக என்ன சொல்லப் போகிறாய்?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன், உண்மைதான். எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருநாட்டு விவகாரங்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேச்சில் எடுக்கக் கூடாது என்று 1985-ல் டாக்காவில் கையெழுத்து போட்டபோதே எழுதி வைத்துவிட்டார்கள். கடைசி உச்சி மாநாடு 2014-ல் காத்மாண்டுவில் நடந்தது, 2016-ல் இஸ்லாமாபாத்தில் கூட வேண்டியது காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு நின்றுபோனது. இதை விளக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. தலைவர்கள் கூடுவது நின்ற பிறகும் சார்க் பெயரில் எதெல்லாம் நடக்கிறது, அது மட்டும் ஏன் நடக்கிறது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அங்கே வந்து சேர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

அப்புறம் நேர்காணல். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே நாலு மாதம் போயிற்று. பெயர் வெளியிட மாட்டேன், ஒலிப்பதிவை எங்கே வைப்பேன், எப்போது அழிப்பேன் என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் எரிச்சல் படாதீர்கள், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நம்மிடம் வாய் திறப்பதே அந்தத் தாளை நம்பித்தான். முதல் ஆறு பேரும் செய்தித்தாளில் ஏற்கெனவே வந்ததைத்தான் சொன்னார்கள். ஏழாவது ஆள் என் நோட்டை வாங்கி, பென்சிலால் ஒரு வாக்கியம் எழுதி, நடுவில் இரண்டு சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டார். "உடன்பாடு வராத சொல்லை வரைவில் இப்படித்தான் விட்டுவைப்போம், ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள ஒவ்வொன்றாக எடுப்போம். ஏன் உடன்பாடு வரவில்லை என்று கேட்டால் எல்லோரும் அடுத்த நாட்டைத்தான் கைகாட்டுவார்கள். கடைசி வரைக்கும் எந்த அடைப்புக்குறி நின்றது என்று கேளுங்கள்" என்றார்.

என் ஆய்வில் எனக்குக் கிடைத்த பெரிய கொடை அந்த ஒரு வரி. பழைய ஆறு பேரிடம் மறுபடி நேரம் கேட்டேன், மூன்று பேர் கொடுத்தார்கள், இந்த முறை பேச்சு வேறு மாதிரி போனது. காத்மாண்டுவில் மின்சார ஒத்துழைப்பு ஒப்பந்தம் கடைசி நாளில் கையெழுத்தானதும் எல்லை தாண்டி வண்டிகள் போக வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தம் ஆகாமல் போனதும், அடுத்த ஜூனிலேயே அதைப் போன்ற ஒன்றில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் திம்புவில் கையெழுத்து போட்டதும் எனக்கு அதுவரை தனித்தனிச் செய்திகள். சொல் சொல்லாகக் கேட்ட பிறகுதான், எல்லோரும் ஒத்துக்கொள்ளாதது ஒத்துக்கொண்டவர்களுக்குள் நடக்கிறது என்ற ஒரே கதையாகத் தெரிந்தன.

ஜர்னலுக்கு அனுப்பிய கட்டுரை 2012-ல் இந்திய ரிசர்வ் வங்கி 200 கோடி டாலர் அளவில் தொடங்கிய சார்க் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு பற்றியது. உறுப்பு நாட்டுக்கு அந்நியச் செலாவணி தட்டுப்பட்டால் குறுகிய காலத்துக்குக் கொடுத்து உதவும் ஏற்பாடு அது. கட்டுரையை மதிப்பிட்ட இருவரில் முதல் ரிவியூவர் நாலு வரியில் நல்லது என்றார். இரண்டாமவர் நாலு பக்கம் எழுதியிருந்தார்: பணம் இந்தியாவுடையது, முடிவும் இந்தியாவுடையது, சார்க் என்பது வெறும் பெயர், இதில் பிராந்திய ஒத்துழைப்பு எங்கே இருக்கிறது? ஒரு வாரம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை, அவ்வளவு கோபம். திறந்து நிதானமாகப் படித்தபோது அவர் சொன்னதில் பாதி சரி என்று புரிந்தது. பணத்தை விட்டுவிட்டு அந்தப் பெயரையே கேள்வியாக வைத்துக் கட்டுரையை முதலிலிருந்து எழுதினேன். 2022 ஜனவரியில் நெருக்கடியில் இருந்த இலங்கை 40 கோடி டாலரைப் பெற்றதும் இந்த ஏற்பாட்டின் கீழ்தான். எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் ஓர் ஏற்பாட்டில் கேட்பது, பெரிய அண்டை நாட்டிடம் தனியாகப் போய்க் கையேந்துவதைவிட ஒரு சிறிய நாட்டின் அரசுக்கு உள்நாட்டு அரசியலில் சுலபம் என்பது என் வாதம். இரண்டு சுற்றுத் திருத்தம், பதினான்கு மாதம், அப்புறம் ஏற்றுக்கொண்டார்கள்.

விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலில் குழுவில் ஒருவர், "இது இந்திய வெளியுறவுக் கொள்கை ஆய்வுதானே, பிராந்தியம் எங்கே வருகிறது?" என்று கேட்டார். இரண்டாவது ரிவியூவரின் அந்த நாலு பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருந்தேன், அதனால் தடுமாறவில்லை. மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம். மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது.