வளையம் இல்லாத வயிறு

மார்ச் 4, 2025, செவ்வாய்

நாளை மறுநாள் அறுவை சிகிச்சை. எடை குறைவதற்காக 2014-இல் என் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் போட்ட சிலிகான் வளையத்தை எடுக்கப் போகிறார்கள். மருத்துவமனையில் கேஸ்ட்ரிக் பேண்ட் என்பார்கள். வீட்டில் வளையம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வளையத்துக்கு மேலே இரைப்பையில் மிஞ்சுவது ஒரு குட்டிப் பை. 30 மில்லிதான் கொள்ளும். சாப்பிட்டது அங்கே தங்கி, இடுக்கு வழியாக மெதுவாகக் கீழே இறங்கும். வளையத்தின் உட்புறம் பலூன் மாதிரி இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ள போர்ட் என்ற சின்ன வட்டுக்கு வரும். அந்தப் போர்ட்டில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சி எடுத்தால் தளரும்.

118 கிலோ இருந்தேன். இரண்டு வருடத்தில் 84-க்கு வந்தேன். மூட்டு வலி போனது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடிந்தது. அதெல்லாம் வளையம் கொடுத்ததுதான், மறக்க மாட்டேன்.

ஆனால் கடைசி மூன்று வருடம் பெரும்பாடு. படுத்தால் எதுக்களிப்பு, நடுராத்திரி இருமல், காலையில் தலையணை ஈரம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்க வைத்துப் படம் எடுத்ததில், இரைப்பை வளையத்துக்குள் நழுவி மேலே ஏறியிருந்தது. வளையமும் சாய்ந்து கிடந்தது. உப்புநீர் முழுவதையும் எடுத்துவிட்டு ஆறு வாரம் பார்த்தார்கள். எரிச்சல் குறைந்தது, நழுவியது நழுவியபடியே இருந்தது.

சர்ஜன் மறைக்காமல் சொல்லிவிட்டார்: "எடுத்தப்புறம் பசி திரும்பி வரும்மா. நிறைய பேருக்கு எடையும் ஏறும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க." இன்று காலை எடை 91. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று முடிந்தது. லேப்ராஸ்கோபிதான், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்வது. வயிற்றில் சின்னச் சின்னதாக ஐந்து கட்டு. வயிற்றைவிட இடது தோள்பட்டைதான் வலிக்கிறது. உள்ளே பார்ப்பதற்காக வயிற்றை ஊத வைத்த வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தெரியும், நடக்க நடக்கப் போய்விடும் என்றார் நர்ஸ். தாழ்வாரத்தில் நாலு தடவை நடந்தேன்.

வளையத்தைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவால் ஒரு உறை கட்டியிருந்ததாம். வளையத்தை மட்டும் உருவிவிட்டு அந்த உறையை விட்டுவைத்தால் அதே இறுக்கம் தொடரலாம் என்பதால், அதையும் வெட்டி விடுவித்தேன் என்று சர்ஜன் சொன்னார்.

வளையத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காட்டினார்கள். விரல் தடிமன்கூட இல்லை. கைக்கடிகாரப் பட்டை போல ஒரு முனை மறுமுனையில் மாட்டிக்கொள்ளும் பூட்டு. வெள்ளை, அங்கங்கே பழுப்பு. இவ்வளவு சின்னப் பொருளா பதினோரு வருடம் என் தட்டுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவர் என் தோளைத் தொட்டு, "போதும், கொடுத்துடு" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

வீடு. இன்னும் சில நாட்களுக்குத் திரவம் மட்டும்.

காலையில் முதல் வாய் தண்ணீர். வளையம் இருந்தவர்களுக்கு இது புரியும்: காலை வேளையில்தான் அது அதிகம் இறுக்கமாக இருக்கும். எனக்குத் தண்ணீரே நெஞ்சுக்குள் நின்று, கொஞ்சம் யோசித்து, அப்புறம்தான் இறங்கும். அதனால் ஒரு மிடறு விழுங்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது பழக்கம். இன்றும் காத்திருந்தேன். தண்ணீர் எப்போதோ இறங்கிப் போயிருந்தது. அடுத்த மிடறு, அதற்கடுத்த மிடறு. கையில் டம்ளரோடு சமையலறையில் நின்று அழுதேன். துக்கமில்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 15, சனி

கூழ் மாதிரி மசித்த உணவுக்கு வந்தாயிற்று. தோள் வலி போய்விட்டது. கனமான எதையும் தூக்கக் கூடாது.

ஓய்வாக இருப்பதால் வளையத்தின் கதையைப் படித்தேன். உப்புநீர் ஏற்றி இறுக்கித் தளர்த்தும் வளையத்தை அமெரிக்காவில் குஸ்மாக் என்ற சர்ஜன் 1986-இல் நோயாளிகளுக்குப் போடத் தொடங்கினார். லேப்ராஸ்கோபியில் போட்டது 1993-இல், பெல்ஜியத்தில், பெலாச்சு என்ற சர்ஜன். மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2001-இல் அனுமதித்தது. குடலை வெட்டி ஒட்ட வேண்டாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய ஈர்ப்பு. நானும் அதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். எடுத்த பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று நானும் அன்று கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ரொட்டி.

வளையம் போட்டவர்களுக்கு ரொட்டி பெரிய எதிரி. மென்றால் மாவாகிப் பந்து போலத் திரண்டு இடுக்கில் அடைத்துக்கொள்ளும். முதலில் நெஞ்சுக்கு நடுவே ஒரு அழுத்தம், அப்புறம் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், நுரை நுரையாக வரும். விழுங்கவும் முடியாது. எழுந்து ஓட வேண்டியதுதான். அதனால்தான் எங்கள் சாப்பாட்டு மேசையில் கதவோர நாற்காலி என்னுடையது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவள்.

ஒரு துண்டு ரொட்டியை லேசாக வாட்டி, ஓரத்தைப் பிய்த்து, நகத்தளவு வாயில் போட்டேன். முப்பது தடவை மென்றேன், பழக்கம். விழுங்கினேன். மகள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போச்சாம்மா?" என்றாள். போச்சு. இன்னொரு நகத்தளவு. முழுத் துண்டையும் முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. பொரபொரவென்ற அந்த ஓரம், உள்ளே மெத்தென்று லேசான இனிப்பு. ரொட்டிக்கு இப்படி ஒரு ருசி இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் 5, சனி

எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் இந்தக் குறிப்பு யாருக்கும் பயன்படாது.

பசிக்கிறது. காலை பதினொரு மணிக்கு, மாலை நாலு மணிக்கு, ராத்திரி படுக்கப் போகும்போது. வயிறு காலி என்ற உணர்வு மட்டுமில்லை, கை தானாக அலமாரியைத் திறக்கிற பசி. வியாழக்கிழமை எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு பெட்டி ஐஸ்கிரீமை நின்றுகொண்டே முடித்தேன். சோற்றையும் அன்று இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தேன். எதுவும் தடுக்கவில்லை. முன்பு தடுப்பதற்கு ஒன்று இருந்தது. நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன், போதும் என்று அது சொல்லும்.

எடை 94. ஒரு மாதத்தில் 3 கிலோ.

அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலடி. டாக்டர் கிட்ட சொல்லு, மறைக்காத" என்றாள். நாளை மறுநாளே டயட்டீஷியனுக்கு போன் செய்து நேரம் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 19, சனி

டயட்டீஷியனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வளையம் இருக்கும்போது உங்களுக்கு எது சுலபமா இறங்கும்?" ஐஸ்கிரீம், புட்டிங், சாக்லேட், பிஸ்கட்டைப் பாலில் ஊற வைத்தது. கடினமாக இருந்தது எது? கோழி, ஆப்பிள், பச்சைக் காய்கறி, ரொட்டி. சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே புரிந்தது. உடம்புக்கு நல்லதையெல்லாம் வளையம் அடைத்தது, சர்க்கரையும் கொழுப்பும் வழுக்கிக்கொண்டு போயின. வலிக்காத சாப்பாட்டைத் தேடித் தேடிப் பதினோரு வருடம் பழகியிருக்கிறேன். வளையம் போனாலும் அந்த நாக்கு இங்கேயேதான் இருக்கிறது.

பசிக்கும் அவர் காரணம் சொன்னார். வளையம் இடத்தை மட்டும் குறைக்கவில்லை. இரைப்பையின் மேற்பகுதியை அழுத்திக்கொண்டே இருந்ததால், நிறைந்துவிட்டது என்ற சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த அழுத்தம் இல்லை. நீங்கள் மன உறுதி இழக்கவில்லை, ஒரு சமிக்ஞை நின்றிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். இதை யாராவது மார்ச் மாதமே என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். வருடக்கணக்கில் வாந்தி எடுத்தவர்களுக்குத் தயமின் எனும் பி1 குறையலாம், இரும்பும் பி12-உம் பார்க்க வேண்டும். எனக்கு இரும்பு குறைவு. மாத்திரை தொடங்கியாயிற்று.

மே 11, ஞாயிறு

சில பழக்கங்களை வைத்துக்கொள்கிறேன், சிலதை விடுகிறேன். எது எது என்று கண்டுபிடிக்கவே இந்த மூன்று வாரம் ஆனது.

மெல்லுவதை விடவில்லை. முப்பது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணும்போது ருசி தெரிவதில்லை, பயம்தான் தெரிகிறது.

தட்டில் முதலில் புரதம். முட்டை, மீன், பருப்பு, கோழி. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முன்பு மூன்று வாய் கோழி சாப்பிட்டால் பெரிய காரியம். இப்போது உள்ளங்கையளவு சாப்பிட முடிகிறது, அப்படிச் சாப்பிட்ட நாட்களில் நாலு மணிப் பசி வருவதே இல்லை.

ஆப்பிளைத் தோலோடு கடித்துச் சாப்பிடுகிறேன். பதினோரு வருடம் தோல் சீவி, வேக வைத்து, மசித்துத் தின்றது. கடிக்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது.

கஷ்டமானது, போதும் என்பதைக் கண்டுபிடிப்பது. வளையத்தின் "போதும்" ஒரு வலி. இரைப்பையின் உண்மையான "போதும்" அப்படி இல்லை. சத்தமே இல்லாமல் வருகிறது, சாப்பிடத் தொடங்கி இருபது நிமிடமாவது ஆகிறது. வேகமாகச் சாப்பிட்டால் அது வருவதற்குள் தட்டு காலி. நான் கவனித்த அடையாளம் ஒன்று: முதல் சில வாய்க்கு இருக்கும் ருசி ஒரு கட்டத்தில் மங்கத் தொடங்குகிறது. அப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யாரிடமாவது ஏதாவது பேசுகிறேன். சில நாள் பேசி முடித்ததும் திரும்ப எடுக்கிறேன். சில நாள் எடுப்பதில்லை.

ராத்திரி ஐஸ்கிரீம் இரண்டு தடவை நடந்தது. கணவரிடம் சொல்லிவிட்டேன். பெட்டியை ஒளித்து வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேண்டுமானால் எல்லோரோடும் உட்கார்ந்து, கிண்ணத்தில் போட்டு, பகலில் சாப்பிடுகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று மாதப் பரிசோதனை. எடை 95. எதுக்களிப்பு இல்லை, ஒரே தலையணையில் தூங்குகிறேன்.

அடுத்த அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. வளையம் எடுத்த பிறகு சிலர் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), சிலர் பைபாஸ் (இரைப்பையில் ஒரு குட்டிப் பையைப் பிரித்து நேரே சிறுகுடலோடு இணைப்பது) என்று மாறுகிறார்கள். ஒரே நேரத்தில் செய்வதும் உண்டு, திசு ஆறுவதற்குச் சில மாதம் விட்டுச் செய்வதும் உண்டு. ஸ்லீவ் எதுக்களிப்பைக் கூட்டலாம் என்பதால், எனக்குச் செய்வதென்றால் பைபாஸ்தான் பொருந்தும் என்றார் சர்ஜன். அவசரப்படுத்தவில்லை.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை வந்தாலோ மூட்டு வலி திரும்பினாலோ செய்துகொள்வேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்துகளும் இருக்கின்றன, அதையும் கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதைக்கு இந்த வருடம் முடியும்வரை என் வயிற்றோடு நானே பழகிப் பார்க்கிறேன் என்றேன். சரி, மாதம் ஒருமுறை எடை பார்த்துச் சொல்லுங்கள், 100-ஐத் தொட்டால் உடனே வாருங்கள் என்று அவர் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

எடை 94.5. இரும்பு ஏறியிருக்கிறது.

போர்ட் இருந்த இடத்தில் சின்னப் பள்ளம் மாதிரி ஒரு தழும்பு. முன்பு குப்புறப் படுத்தால் அந்த வட்டு உறுத்தும். மகள் சின்ன வயதில் அதை அழுத்திப் பார்த்து "அம்மா பட்டன்" என்பாள். நேற்றுக் கேட்டாள், பட்டன் போன இடம் வலிக்கிறதா என்று. வலிக்கவில்லை.

இன்று மதியம் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். எட்டுப் பேர், மேசையில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. பேச்சு வாக்கில் நான் சுவரோரம் போய், அக்காவுக்கும் அவள் பையனுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டேன். நடுவில் எழுந்து போக வேண்டுமென்றால் மூன்று பேர் நாற்காலியை நகர்த்த வேண்டும். அதை நான் கவனிக்கவே இல்லை. கதவோர நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது.

தட்டில் கொஞ்சம் சோறு மிஞ்சியது. அக்கா பையன் எடுத்துக்கொண்டான்.