இடிக்கப்பட்ட குடியிருப்பின் குரல்களும் 50 ஜிபி வரம்பும்

2025 ஆகஸ்டில் எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆய்வு மாணவர்களின் கூகுள் டிரைவ் கணக்குக்கு இனி 50 ஜிபிதான். அக்டோபர் 15-க்குப் பிறகும் அதைத் தாண்டி நிற்கும் கணக்குகள் முடக்கப்படும். என் கணக்கைத் திறந்து பார்த்தேன். 312 ஜிபி.

டெல்லி ஜங்புராவில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, பாரபுல்லா வாய்க்காலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் நான் எடுத்த நேர்காணல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மொத்தம் 120 மணி நேரம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து, சுற்றுவட்டார வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்களின் பேச்சு அது. அந்தக் குடியிருப்பை 2025 ஜூன் 1 அன்று இடித்துவிட்டார்கள். வீடு ஒதுக்கப்பட்டவர்களுக்கு நகரின் வடக்கு ஓரத்தில் உள்ள நரேலா, மற்றவர்கள் எங்கெங்கோ. பேசிய பாட்டிகளில் இருவர் இப்போது உயிரோடும் இல்லை. எதை இழந்தாலும் இதை மட்டும் திரும்பப் பதிவு செய்ய முடியாது.

வரம்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு இருந்த அளவற்ற சேமிப்பை நிறுத்துவதாக கூகுள் 2021-லேயே அறிவித்துவிட்டது. மறு ஆண்டிலிருந்து நிறுவனம் முழுமைக்கும் அடிப்படையாக 100 டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ஜிபி. 20,000 பேர் இருக்கும் இடத்தில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு 5 ஜிபிதான் வரும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மின்னஞ்சலில் ஆய்வுத் தரவை எங்கே கொண்டுபோவது என்று ஒரு வரிகூட இல்லையே! அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஏனென்றால், பேசியவர்களிடம் நான் வாங்கிய ஒப்புதல் கடிதத்தில், பதிவுகள் பல்கலைக்கழகச் சேமிப்பில் பாதுகாக்கப்படும் என்று எழுதியிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துக் காட்டியும் இருந்தேன். மாதம் பணம் கட்டி என் சொந்தக் கணக்கில் ஏற்றிக்கொள்வது எளிது. கொடுத்த வாக்கு என்ன ஆவது? நெறியாளரிடம் போனேன். கடவுச்சொல் இட்டு மறையாக்கம் செய்த இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைப்பது, ஒன்று துறை அலமாரியில், மற்றது வளாகத்துக்கு வெளியே என்று முடிவு செய்து, நெறிமுறைக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்தோம். டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் 2 டிபி டிஸ்குகள் இரண்டு வாங்கினேன்.

சேமிப்புப் பக்கத்தில் கோப்புகளை அளவு வரிசையில் பார்க்கலாம். அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. 130 ஜிபி, கொரோனா காலத்தில் நான் உதவி ஆசிரியையாக இருந்தபோது நடத்திய இணைய வகுப்புகளின் காணொளிகள்! கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் கணக்கில்தான் பதிவு விழும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. துறையிடம் கேட்டுக்கொண்டு அவற்றை நீக்கினேன். அப்போதும் எண் குறையவில்லை. குப்பைத் தொட்டியைக் காலி செய்யும்வரை, அல்லது 30 நாள் கழியும்வரை, நீக்கியதும் கணக்கில்தான் நிற்கும்.

நல்லவேளையாக அன்று நான் அதைக் காலி செய்யவில்லை. மறுநாள் சென்னையிலிருந்து என் ஆய்வுத் தோழி அழைத்தாள். “அக்கா, எழுத்தாக்கக் கோப்புறை முழுக்கக் காணவில்லை!” பகிர்ந்த கோப்புறை என்றாலும் அதில் இருந்தவை எனக்குச் சொந்தமான கோப்புகள். வகுப்புக் காணொளிகளோடு சேர்த்து அதையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். நேர்காணல்களைக் கேட்டு எழுதிய அவளுடைய எட்டு மாத உழைப்பு அது. குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டெடுத்தபோது கை நடுங்கியது. அதற்குப் பிறகு, இரண்டு டிஸ்கிலும் ஏறிச் சரிபார்க்காத எதையும் நீக்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பதிவிறக்கம்தான் பெரும் பாடு. கூகுள் டேக்அவுட் வழியாக எல்லாவற்றையும் ஜிப் கோப்புகளாக வாங்கலாம். இணைப்பு சில நாட்களில் காலாவதியாகிவிடும். விடுதி வைஃபையில் 50 ஜிபித் துண்டு ஒன்று மூன்று முறை பாதியில் நின்றது. 2 ஜிபித் துண்டுகளாக மறுபடி கேட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் நூலகத்தில் உட்கார்ந்து இறக்கினேன். பிறகு டிரைவில் உள்ள ஒவ்வொரு ஒலிக்கோப்பின் செக்சம் எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்; உள்ளே சிறிது மாறினாலும் இதுவும் மாறிவிடும்) டிஸ்கில் உள்ளதோடு ஒப்பிட்டேன். மூன்று கோப்புகள் ஒத்துப்போகவில்லை. பெயரும் இருந்தது, திறக்கவும் செய்தது. ஆனால் ஒன்றில் கடைசிப் பதினைந்து நிமிடம் இல்லை. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் நீக்கியிருந்தால் அந்தப் பதினைந்து நிமிடம் என்றைக்கும் போயிருக்கும்.

என் பதிவுக் கருவியில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். மூலப் பதிவுகளை, தரம் சிறிதும் குறையாத ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றி டிஸ்குகளில் வைத்தேன். கேட்டுக் கேட்டு எழுதுவதற்கு எம்பி3 படிகள் போதும்; 120 மணி நேரமும் 7 ஜிபிக்குள் அடங்கிவிட்டன. அவை மட்டும் டிரைவில் இருக்கின்றன. களக் காணொளிகளும் டிஸ்குக்குப் போயின. அக்டோபர் 11 அன்று என் கணக்கு 38 ஜிபி காட்டியது.

இரண்டாவது டிஸ்க் ஆர்.கே.புரத்தில் பெரியம்மா வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சொருகிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பரில் நரேலாவிலிருந்து ஓர் அழைப்பு. இறந்துபோன பாட்டிகளில் ஒருவரின் மகள். நேர்காணலின்போது உடன் உட்கார்ந்து அவரும் பேசியிருந்தார். அம்மாவின் குரல் வேண்டும் என்றார். நெறியாளரிடம் கேட்டு நாற்பது நிமிடப் பதிவை அனுப்பினேன். இரவு மறுபடி அழைத்தார். அம்மா பேசியதைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. “பின்னால் நிஜாமுதீன் ரயில் போகிறது, கேட்டீர்களா?” என்றுதான் கேட்டார்.