சன்னலோரத் தூசி: சில நாட்களின் குறிப்பு

பிப்ரவரி 4

மகள் தவழத் தொடங்கி ஒரு மாதமாகிறது. இன்று காலை வெயிலில் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ரேகைகளுக்குள் சாம்பல் நிறத்தில் மெல்லிய அழுக்குப் படிந்திருந்தது. நான் துடைப்பதற்குள் அந்தக் கை வாய்க்குள் போய்விட்டது. போன மாதம் பழைய சன்னல் சட்டங்களின் பெயிண்டை உப்புத்தாள் கொண்டு, தண்ணீர்கூடத் தெளிக்காமல் தேய்த்தெடுத்தவன் நான்தான். பறந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, வேலை முடிந்ததென்று நினைத்தேன். பழைய பெயிண்டில் நிறத்துக்காகவும் சீக்கிரம் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் அதை என் வீட்டுச் சன்னலோடு சேர்த்து நான் யோசிக்கவே இல்லை.

பிப்ரவரி 6

மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னதும் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களின் உடலைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்றும், இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் அது இன்னும் கூடும் என்றும் விளக்கினார்.

பிப்ரவரி 9

முடிவு வந்தது: டெசிலிட்டருக்கு 4.2 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் 3.5 என்பதைக் கவனிக்க வேண்டிய அளவாக வைத்தது. அதற்கு முன் அது 5 ஆக இருந்தது. ஈயத்தில் இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்த அளவுக்கு மருந்து தருவதில்லை, ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் சிகிச்சை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் மருத்துவர். இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 10

தூசி என்றால் வெறும் மண் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அதில் மண்ணும் நூலிழையும் உதிர்ந்த தோலும் மட்டுமல்ல, வீட்டிலுள்ள பொருள்களிலிருந்து கசிந்தவையும் சேர்ந்திருக்கின்றன. மெத்தை நுரையிலும் மின்சாதன உறைகளிலும் கலக்கப்பட்ட புரோமின் சார்ந்த தீத்தடுப்பிகளும், பிவிசி தரைவிரிப்பை வளையச் செய்யும் தாலேட்டுகளும் அந்தப் பொருளோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டிருப்பதில்லை; ஆகவே ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வெளியேறி, காற்றில் கலந்து, தூசித் துகளின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. வெளியே விழுந்திருந்தால் வெயிலும் மழையும் நுண்ணுயிர்களும் அவற்றைக் கொஞ்சமாவது சிதைத்திருக்கும். வீட்டுக்குள் அந்த வேலை இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் 120 வீடுகளைச் சோதித்தபோது தூசியில் 66 வேதிப்பொருள்கள் தென்பட்டன. அந்நாட்டில் 1972-இல் தடைசெய்யப்பட்ட டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் அவற்றுள் ஒன்று. தீத்தடுப்பிகளில் சிலவற்றை, எளிதில் சிதையாத நச்சுப்பொருள்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதற்கு முன் வாங்கிய சோபா இன்றும் கூடத்தில்தான் கிடக்கிறது.

மூச்சில் போவதைவிடக் கையோடு வாய்க்குள் போவதே குழந்தைக்குப் பெரிய வழி. மிக நுண்ணிய துகள்களே தோலில் நன்றாக ஒட்டுகின்றன, வேதிப்பொருளும் அவற்றில்தான் செறிவாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசிப் பந்தை எடுத்தெறிந்துவிட்டு நிம்மதியடைவதில் பயனில்லை.

பிப்ரவரி 15

துடைப்பத்தை ஓரங்கட்டிவிட்டோம். உலர்வாகக் கூட்டினால் நுண்தூசி எழும்பி மறுபடி படிகிறது. நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத வேக்யூம் கிளீனரும் அதைப் பின்பக்கமாக ஊதிவிடுகிறது. இப்போது ஈரத்துணிதான், ஒவ்வோர் அறைக்கும் புதுத் தண்ணீர். செருப்பு வாசலிலேயே நிற்கிறது, ஏனெனில் முன்பு பெட்ரோலில் கலக்கப்பட்டுத் தெருமண்ணில் படிந்த ஈயம் காலோடு உள்ளே வரும். சாப்பாட்டுக்கு முன்பும் தூங்கவைப்பதற்கு முன்பும் மகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம்.

பிப்ரவரி 23

சோபாவின் உறை கிழிந்த இடத்தில் நுரை மஞ்சளாகிப் பொடிந்து உதிர்கிறது. இனி தைத்துப் பயனில்லை, அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டேன்.

மே 12

மறுபரிசோதனையில் 2.7. இரத்தத்திலுள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையுமாம். எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் தங்குமாம். மகிழ்ச்சியில் மனைவி அழுதுவிட்டாள். தாலேட்டுக்கும் தீத்தடுப்பிக்கும் இப்படி வழக்கமாக எடுத்துப் பார்க்கும் பரிசோதனை இல்லையென்று மருத்துவர் சொன்னதை அவளிடம் நாளைக்குச் சொல்லலாமென்று வைத்துக்கொண்டேன்.

சன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் சட்டங்கள் உரசுவதால், மிச்சமிருக்கும் பெயிண்ட் தூளாகிறது. ஆகவே புதுச் சட்டம் போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். மாலையில் பழைய சன்னலின் கீழ்ப்பள்ளத்தை ஈரத்துணியால் மறுபடி துடைத்தேன். துணியில் சாம்பல் நிறக் கோடு இன்னும் விழுகிறது.