சீவாளி நனையாத குழல்

2017 அக்டோபரில் கும்பகோணத்திலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்திலுள்ள நியூபிரிட்ஜ் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, தெரிந்தவர் என்று சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை. டிசம்பரில் மாலை நான்கு மணி கடந்ததுமே இருட்டிவிடும். டப்ளினில் வேலை முடித்து, இருட்டில் ரயிலேறி, இருட்டிலேயே வீடு திரும்புவேன். மார்ச் தொடக்கத்தில் பெரும் பனிப்புயல் வந்து கடைகளில் ரொட்டி தீர்ந்துபோனபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தாம் சுட்ட சோடா ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். எங்கள் பழக்கம் அன்று தொடங்கியது.

இரண்டு வாரம் கழித்து அதே பெரியவர் கண் கலங்கி நின்றார். லியாம் ஓஃபிளின் இறந்துவிட்டார் என்றார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை என்பதை என் முகத்தில் கண்டுகொண்டு, வீட்டுக்குள் அழைத்துப்போய், ஓஃபிளின் குழல் வாசித்த பிளாங்ஸ்டி என்னும் ஐரிஷ் நாட்டுப்பாடல் குழு 1973-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டைச் சுழலவிட்டார்.

அதன் முதல் பாட்டு, நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜான் ரைலி என்னும் பாடகரிடம் கேட்டுப் பெற்றது. பாடுபவர் கிறிஸ்டி மூர். இதே நியூபிரிட்ஜில் 1945-இல் பிறந்து, வங்கி எழுத்தராக இருந்து, 1966-இல் நடந்த வங்கி வேலைநிறுத்தத்தின்போது இங்கிலாந்துக்குப் போய், அங்குள்ள நாட்டுப்பாடல் மன்றங்களில் பாடித் தேறியவர். பாட்டு முடிகிற இடத்தில் ஓஃபிளினின் குழல் யாழ் போன்ற ஹார்ப் வாத்தியத்துக்கான பழைய மெட்டு ஒன்றைக் கையிலெடுக்கிறது. அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுரத்துக்குச் சுரம் வளைந்து செல்லும் அந்த நாணற்குரல், சுவாமி புறப்பாட்டின்போது எங்கள் தெருமுனையில் திரும்பும் நாகசுரத்தை அப்படியே நினைவுபடுத்தியது.

அந்த வாத்தியத்தின் பெயர் இல்லியன் பைப். இல்லியன் என்றால் ஐரிஷ் மொழியில் முழங்கை. அதைப் பிறகு ஊர் மதுக்கடையில் மிக அருகிலிருந்து பார்த்தேன். அங்கே வாரம் ஒருநாள், மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். வாசிப்பவர் ஒரு சிறிய துருத்தியை வலது முழங்கையின் கீழ் வார்கொண்டு கட்டிக்கொண்டார். துருத்தி அசைய அசைய, இடது கைக்கடியிலிருந்த தோற்பை காற்றால் நிறைந்தது. நாகசுரத்துக்குச் சுருதி கூட்டும் ஒத்துக் குழல் போல விடாத சுருதி எழுந்ததும், தொடைமேல் ஊன்றிய குழலில் விரல்கள் ஓடத் தொடங்கின. நம் வித்வான்கள் நாகசுரத்தின் ஊதுமுனையில் பொருத்தும் நாணலான சீவாளியை எச்சிலில் நனைத்துப் பதப்படுத்துவார்கள். இங்கோ வாய்க்காற்று படுவதே இல்லை, நாணல் உலர்ந்தே இருந்து பேசுகிறது. நாகசுரத்தை வீதியில் நடந்துகொண்டே வாசிக்கலாம். இதை உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும்.

ஓஃபிளின் பிறந்த கில் கிராமம் இங்கிருந்து அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. பிடில் வாசித்த பள்ளி ஆசிரியரின் மகன் அவர். குழல் வித்வான் லியோ ரௌசமிடம் முறையாகப் பயின்றார். மற்றொரு பெரும் வித்வானான ஷேமஸ் என்னிஸ் 1982-இல் மறைந்தபோது, தம் வாத்தியத்தை ஓஃபிளினுக்கே விட்டுச் சென்றார். பாட்டுப் பரம்பரை என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் குழுவின் நால்வரில் அப்படி முறைப்படி வந்தவர் அவர் ஒருவரே என்பதுதான் என்னை இந்த இசையோடு நெருக்கமாக்கியது.

ஆண்டி இர்வைன் லண்டனில் பிறந்தவர், சிறுவயதில் நடிகர், முதலில் கற்றது செவ்வியல் கிதார். 1960களின் இறுதியில் பால்கன் நாடுகளில் சுற்றித் திரிந்து, அந்நாட்டுத் தாளங்களோடு திரும்பி வந்தார். பின்னாளில் இந்தக் குழுவே ஒரு பல்கேரிய நடன மெட்டையும் வாசித்துப் பதிவு செய்தது. பால்கன் இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளத்தை முதன்முறை கேட்டபோது, யாரும் சொல்லாமலே என் கை நம் மிசிர சாபு தாளத்தைப் போட்டது. நான்காமவர் டோனல் லன்னி, மூரின் பள்ளிக்காலத் தோழர், அவருக்குக் கிதார் கற்றுக்கொடுத்தவர். லன்னியின் கையில் முழங்கிய புசூக்கி கிரேக்கத்துத் தந்தி வாத்தியம். 1960களில்தான் அது அயர்லாந்துக்கு வந்தது. இங்குள்ள மெட்டுகளுக்கு ஏற்பத் தந்திகளை மாற்றினார்கள், உருண்டையான முதுகைத் தட்டையாக்கினார்கள். இன்று புசூக்கி இல்லாத மேசை இங்கே அபூர்வம். அதை வேற்றுநாட்டு வாத்தியம் என்று யாரும் நினைப்பதுமில்லை. ஆயிரமாண்டுப் பழமை என்று நான் எண்ணியிருந்த அந்த ஓசை, பக்கத்துக் கிராமமான பிராஸ்பரஸில் ஒரு வீட்டின் நிலவறையில் மூரின் இசைத்தட்டுக்காக நால்வரும் கூடியதில் பிறந்தது என்று பெரியவர் சொன்னபோது, எனக்கு வந்த நிம்மதியை அவரிடம் விளக்க இயலவில்லை.

சென்ற முறை ஊருக்குப் போனபோது, நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்குச் சென்று, சீவாளிகள் சிலவற்றை வாங்கிவந்து, மதுக்கடையில் வாசிப்பவரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாணலின் இரு இதழ்களையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். முதலில் வாயில் வைத்து நனைக்க வேண்டும் என்றேன். உலர்ந்த நாணலோடே வாழ்நாளைக் கழித்த அந்த மனிதர், ஒரு கணமும் தயங்காமல் அதை நாக்கில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்.